அமீர் கொடுத்தார், சபை மறுத்தது, இப்போது சபையே இல்லை: குவைத் பெண்களின் ஓட்டு பற்றி ஒரு கேள்வி

தேரிக்காட்டான்

குவைத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 2005 மே 16-இல். இது பலருக்கும் தெரியும். அதற்கு ஆறு வருடம் முன்னாலேயே, 1999 மே மாதம், அன்றைய அமீர் ஷேக் ஜாபர் அல் அஹ்மத் ஓர் ஆணை போட்டு அதைக் கொடுத்துவிட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கலாம், இரண்டும் அந்த ஆணையில் இருந்தன. அப்போது நாடாளுமன்றம் கலைந்திருந்தது. (அரசு அச்சிட்ட குர்ஆன் பிரதிகளில் பிழை வந்துவிட்டது என்று கிளம்பிய சண்டையில் கலைந்தது, அது தனிக் கதை.) ஜூலையில் தேர்தல் நடந்து புதிய சபை வந்தது. நவம்பரில் அந்தச் சபை 41-க்கு 21 என்ற கணக்கில் ஆணையைத் தூக்கி எறிந்தது.

எனக்குள்ள குழப்பம் இதுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை பெண்களுக்கு உரிமை வேண்டாம் என்கிறது. பரம்பரை ஆட்சியாளர் வேண்டும் என்கிறார். ஜனநாயகத்தை நம்புகிறவன் இதில் எந்தப் பக்கம் நிற்பான்?

கணக்குப்பிள்ளை

41-21 என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அந்த 41 பேரும் பெண்களுக்கு எதிரானவர்கள் இல்லை. குவைத் அரசியல் சட்டத்தின் 71-ஆம் பிரிவுப்படி சபை இல்லாத காலத்தில் அமீர் ஆணை போடலாம், ஆனால் தள்ளிப்போட முடியாத அவசரம் இருக்க வேண்டும். 1962 தேர்தல் சட்டத்தில் ஆண்களுக்கு மட்டும் என்று எழுதி 37 வருடம் சும்மா இருந்துவிட்டு, சபை கலைந்திருந்த அந்தச் சில வாரங்களில் மட்டும் இது எப்படி அவசரமானது என்று தாராளவாத உறுப்பினர்களே கேட்டார்கள். அந்த இடைவெளியில் அரசு அறுபதுக்கும் மேற்பட்ட ஆணைகளைப் போட்டிருந்தது. ஒன்றை ஒப்புக்கொண்டால் அந்த வழியையே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் பயம்.

அதனால் ஆணையை எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு, உடனே தங்கள் பெயரில் அதே உரிமையைத் தரும் மசோதாவைக் கொண்டு வந்தார்கள். நவம்பர் 30-இல் வாக்கெடுப்பு. ஆதரவு 30, எதிர்ப்பு 32, நடுநிலை 2. இரண்டே ஓட்டில் போயிற்று.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 50 பேர். அது போக, தேர்தலில் நிற்காத அமைச்சர்களும் சபையில் ஓட்டுப் போடலாம். அரசின் நோக்கமும் அதுவே என்பதால் அமைச்சர்களின் ஆதரவும் அந்த 30-க்குள் அடங்கும். மக்கள் அனுப்பியவர்களில் எத்தனை பேர் ஆதரித்திருப்பார்கள் என்று நீங்களே பாருங்கள்.

அபூ ஹனான்

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தலைப்பு வந்தாலே பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும், அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டு வந்தது 1971-இல். 1959-இல் ஆண்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள், ஆண்கள் மறுத்தார்கள். அப்பென்செல் பக்கம் ஒரு மாகாணத்தில் 1990-இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் உள்ளூர் ஓட்டே கிடைத்தது. அங்கே யாரும் பைபிளைக் குறை சொல்லவில்லை. குவைத் என்றால் மட்டும் இஸ்லாம் என்று கிளம்பிவிடுகிறோம்.

ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடத்தில், பெண்களை உள்ளே விடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். அதற்கு மதம் தேவையில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வேகத்தில் மாறட்டும் என்று சொல்வதையும் பிற்போக்கு என்று ஒதுக்காதீர்கள். மேலிருந்து வரும் மாற்றம் வேர் பிடிக்காது.

கடற்கரைத்தெரு

வ அலைக்கும் ஸலாம் பாய். சுவிட்சர்லாந்து உதாரணம் சரி. “தன் வேகம்” மட்டும் இடிக்கிறது. யாருடைய வேகம்?

குவைத் பெண்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்து, வெளியாட்கள் வந்து இழுத்துவிட்ட கதை இல்லை இது. 1993-இல் குவைத் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் ஃபாயிஸா அல் கராஃபி, வேதியியலாளர். அவர் கையெழுத்திட்ட பட்டத்தோடு வெளியே வந்த 21 வயது குவைத் பையன் ஓட்டுப் போடலாம், அவர் போடக்கூடாது. அதே காலத்தில் நபீலா அல் முல்லா தூதராக வெளிநாட்டில் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்கிறார், ஊருக்கு வந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. 1990-இல் சதாமின் படை புகுந்தபோது எதிர்ப்பு வேலைகளில் பெண்கள் இருந்தார்கள், உயிரையும் விட்டார்கள். 2000 பிப்ரவரியில் பெண்கள் கூட்டமாக வாக்காளர் பதிவு மையங்களுக்குப் போய் “எங்கள் பெயரை எழுதுங்கள்” என்றார்கள். மறுத்ததும் வழக்குப் போட்டார்கள். அரசியல் சட்ட நீதிமன்றம் நடைமுறைக் காரணம் சொல்லித் தள்ளிவிட்டது. 2005 மார்ச்சில் வெளிர் நீல உடையில் சபைக்கு முன்னால் நின்றதும் அவர்கள்தான்.

மார்க்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருக்கியில் 1934, எகிப்தில் 1956, ஈரானில் 1963. பக்கத்து வீடான கத்தாரில் 1999-இல் நகராட்சித் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். பஹ்ரைனில் 2002, ஓமானில் 2003-இல் எல்லாருக்கும். எல்லாரும் ஓதுவது ஒரே குர்ஆன்தான்.

ஹவல்லி ராஜா

குவைத்தில் இருக்கிறேன், அதனால் உள்ளூர் விவரம் கொஞ்சம் சொல்கிறேன். எதிர்ப்பை மதம் என்று மட்டும் பார்த்தால் புரியாது. பெரிய பங்கு பழங்குடித் தொகுதிகளுடையது. 60-களிலும் 70-களிலும் பாலைவனப் பழங்குடியினர் பல ஆயிரம் பேருக்கு ஆளும் குடும்பம் குடியுரிமை கொடுத்து உள்ளே சேர்த்தது. நகரத்து வணிகர்களும் இடதுசாரிகளும் சபையில் குடைச்சல் கொடுத்ததால், தங்களுக்கு விசுவாசமான ஓட்டு வேண்டும் என்ற கணக்கு. அந்த விசுவாசிகள்தான் 1999-இல் அமீரின் ஆணைக்கு எதிராக நின்றார்கள்.

அரசியல் நடக்கும் இடம் திவானியா. வீட்டை ஒட்டிய கூடம், மாலையில் ஆண்கள் கூடுவார்கள், தேநீர், பேச்சு, பேரம் எல்லாம் அங்கேதான். வேட்பாளர் ஒரே இரவில் பல திவானியா ஏறி இறங்குவார். பெண்களுக்கு ஓட்டு வந்த பிறகும் அந்தக் கூடங்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. இது போக, தேர்தலுக்கு முன்பே பழங்குடிகள் தங்களுக்குள் தனியாக ஓர் உள்தேர்தல் நடத்தி யார் நிற்பது என்று முடிவு செய்வார்கள். 1998-இல் சட்டம் அதைத் தடை செய்தது, அதற்குப் பிறகும் நடந்தது. அதில் பெண்கள் கிடையாது. பெட்டியில் சீட்டுப் போட உரிமை வந்தது, சீட்டில் யார் பெயர் என்று தீர்மானிக்கும் இடத்துக்கு வரவில்லை.

ஓட்டு வந்ததும் பெண்கள் கூட்டத்தை முதலில் திரட்டியவர்களில் அதை எதிர்த்த இஸ்லாமிய அமைப்புகளும் உண்டு. அவர்களிடம் ஏற்கெனவே பெண்கள் குழுக்கள் இருந்தன, தொண்டு வேலை, ஓதும் வட்டம் என்று. தாராளவாதிகளிடம் அந்த வலைப்பின்னல் இல்லை.

தேரிக்காட்டான்

2006 ஜூன் தேர்தலில் வாக்காளர்களில் பாதிக்கும் மேல் பெண்கள் என்று படித்தேன். அப்படியும் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லையே?

கணக்குப்பிள்ளை

ஏறத்தாழ 57 சதவீதம். காரணம் சாதாரணம்: ராணுவத்திலும் போலீசிலும் இருக்கும் ஆண்களுக்கு ஓட்டில்லை.

ஜெயிக்காததற்கு முக்கியக் காரணம் தேர்தல் முறை என்பது என் வாதம். 2006-இல் 25 சின்னத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் இருவர். சின்னத் தொகுதியில் நாலு குடும்பம் சேர்ந்தால் முடிவு கையில். பிறகு இளைஞர்கள் ஆரஞ்சு நிறக் கொடியோடு போராடி 25-ஐ 5 ஆக்கினார்கள். தொகுதிக்கு 10 இடம், வாக்காளருக்கு நாலு ஓட்டு. 2008-இல் முதல் முறை, அப்போதும் பெண்களுக்குப் பூஜ்யம். 2009 மே மாதம் நாலு பெண்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள்: மஸ்ஊமா அல் முபாரக், அஸீல் அல் அவதி, ரோலா தஷ்தி, ஸல்வா அல் ஜஸ்ஸார்.

நாலு ஓட்டு இருந்தால் முதல் ஓட்டை மாமன் மகனுக்குப் போடலாம், இரண்டாவதைப் பழங்குடிக்காரருக்கு, மூன்றாவது நாலாவது ஓட்டு மனசுக்குப் பிடித்தவருக்கு. அந்த மூன்றாவது நாலாவது ஓட்டில்தான் பெண்கள் ஜெயித்தார்கள் என்று நினைக்கிறேன். 2012 கடைசியில் அமீர் ஆணையால் ஆளுக்கு ஒரே ஓட்டு என்று மாற்றினார்கள். எதிர்க்கட்சி அந்தத் தேர்தலைப் புறக்கணித்ததால் மூன்று பெண்கள் வந்தார்கள். புறக்கணிப்பு முடிந்ததும் 2016-இல் ஒருவர், 2020-இல் யாருமே இல்லை. இருக்கிற ஒரே ஓட்டு மாமன் மகனுக்குத்தான் போகும்.

அபூ ஹனான்

கணக்குப்பிள்ளை சொல்வதை ஏற்கிறேன். பெண்கள் பெண்களுக்கே போடவில்லை என்பதை மட்டும் நாசூக்காகத் தாண்டிவிட்டீர்கள். 57 சதவீதம் இருந்தும் பூஜ்யம் என்றால், அவர்களுக்கும் ஒரு மனசு இருக்கிறது, அது உங்கள் மனசு போல இல்லை.

கடற்கரைத்தெரு

பாய், ஆண்களும்தான் எல்லா ஆண்களுக்கும் போடுவதில்லை. யாருக்குப் போட்டாலும் அது அவர்கள் ஓட்டு. பெண் ஜெயிக்கவேண்டும் என்பதற்காகவா ஓட்டுரிமை கேட்டார்கள்?

கல்முனைக்காரி

நான் இலங்கை, கிழக்கு மாகாணம். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஓட்டு வந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்ற எண்ணம் இந்த இழையில் அடியில் ஓடுகிறது. எங்கள் கதை அதற்கு நேர் எதிர்.

இலங்கையில் 1931-இல், பிரிட்டிஷ்காரர்களின் டொனமூர் அரசியலமைப்புக் காலத்தில், 21 வயது வந்த ஆண் பெண் எல்லாருக்கும் வாக்கு. முஸ்லிம் பெண்களுக்கும்தான். குவைத்துக்கு 74 வருடம் முந்தி. 1949-இல் ஆயிஷா ரவூப் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். கேரளத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், முஸ்லிம் மகளிர் கல்லூரி அதிபர்.

ஆனால் 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மணமகன் கையெழுத்து இருக்கிறது, வலீ (மணப்பெண்ணின் சார்பில் நிற்கும் தந்தை அல்லது ஆண் உறவினர்) கையெழுத்து இருக்கிறது. மணப்பெண் கையெழுத்துக்கு இடமே இல்லை. குறைந்தபட்ச வயது என்று ஒன்றில்லை, 12-க்குக் கீழே என்றால் காதியின் (முஸ்லிம் விவாக வழக்குகளுக்கான நீதிபதியின்) அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. காதியாக ஆண்தான் இருக்கலாம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவைக் காட்டி இதைக் கேட்கவும் முடியாது, ஏனென்றால் 16-ஆம் உறுப்புரை பழைய சட்டங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 2009-இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வர 2018 ஆனது. அந்தக் குழுவே இரண்டாகப் பிரிந்து நின்றது.

நான் சட்டம் படித்தவள். ஒவ்வொரு தேர்தலுக்கும் வரிசையில் நின்று வாக்களிக்கிறேன். என் நிக்காஹ் பதிவில் வாப்பாவின் கையெழுத்துத்தான் இருக்கிறது.

அபூ ஹனான்

தங்கச்சி, நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை, அது உங்களுக்குத் தெரியும். அது பெண்ணின் பாதுகாப்புக்காக.

கல்முனைக்காரி

காக்கா, வலீயை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெண்ணின் சம்மதம் நிக்காஹுக்கு வேண்டும் என்று மார்க்கமும் சொல்கிறதுதானே. அந்தச் சம்மதத்தைக் காகிதத்தில் எழுதினால் எந்த மத்ஹபுக்கு என்ன குறை? கட்டாயக் கல்யாணம் என்று பிறகு ஒருத்தி வந்து அழும்போது அவளிடம் காட்ட எதுவும் இருக்காது.

கடற்கரைத்தெரு

எங்கள் ஊரில் பள்ளிவாசல் நிக்காஹ் தப்தரில் (பதிவேட்டில்) மணப்பெண்ணிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். நாங்களும் ஷாஃபிதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அபூ ஹனான்

கையெழுத்து வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன்.

தேரிக்காட்டான்

குவைத்துக்கு வருவோம். கல்முனைக்காரி சொன்னது அங்கேயும் பொருந்துகிறதா என்று தேடிப் பார்த்தேன். 2009 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம், கணவன் ஒப்புதல் இல்லாமலே பெண் பாஸ்போர்ட் வாங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 1962-இலிருந்து இருந்த விதி அப்படியே விழுந்தது. அதைச் செய்தது சபை இல்லை, நாலு பெண் உறுப்பினர்களும் இல்லை. கணவனோடு வழக்காடிய ஒரு பெண்ணும், அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவும்.

அதே மாதம் இன்னொரு தீர்ப்பு. 2005 சட்டத்தின் கடைசியில் ஒரு வரியைச் சொருகியிருந்தார்கள்: பெண் வாக்காளரும் வேட்பாளரும் ஷரீஅத் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். 35-க்கு 23 என்று மசோதா தேறுவதற்கு அந்த வரியும் ஒரு விலை. ரோலாவும் அஸீலும் தலையை மூடாமல் சபைக்கு வந்தபோது அந்த வரியை வைத்தே அவர்கள் பதவியைப் பறிக்கப் பார்த்தார்கள். ஹிஜாப் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அப்புறம் 153-ஆம் பிரிவு. குவைத் தண்டனைச் சட்டம், 1960. மனைவி, மகள், தாய், சகோதரி, இவர்களில் ஒருவரை இன்னொரு ஆணோடு பார்த்து அந்த இடத்திலேயே கொன்றால் அதிகபட்சம் மூன்று வருடச் சிறை, அல்லது மூவாயிரம் ரூபாய் அபராதம். ஆமாம், ரூபாய். அன்றைக்கு வளைகுடாவில் நம் ரிசர்வ் வங்கி அச்சிட்ட ரூபாய்தான் ஓடியது. பிறகு அது 225 தினார் ஆயிற்று.

அபூ ஹனான்

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். 153 மார்க்கச் சட்டம் இல்லை. மார்க்கத்தில் விபசாரக் குற்றத்துக்கு நாலு சாட்சி வேண்டும், தீர்ப்பு நீதிபதி கையில், கணவனே கத்தியை எடுக்க இடமில்லை. கணவன் கொன்றால் மன்னிக்கலாம் என்ற விதி 1810-இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அரபு நாடுகளின் சட்டப் புத்தகங்களில் அதன் சாயல் நிறைய. பிரான்ஸ் தன்னுடையதை 1975-இல் நீக்கியது.

கடற்கரைத்தெரு

இதில் நானும் பாயும் ஒரே பக்கம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

ஹவல்லி ராஜா

153-ஐ ஒழிப்போம் என்று குவைத் பெண்கள் 2015-லிருந்து தனி இயக்கமே நடத்தினார்கள். 2021-இல் ஒரு பெண்ணைக் கடத்திக் கொன்ற வழக்கு ஊரையே உலுக்கியபோது தெருவிலும் நின்றார்கள். சபையில் அது நகரவே இல்லை.

2024 மே மாதம் இப்போதைய அமீர் ஷேக் மிஷ்அல் சபையைக் கலைத்தார். அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நாலு வருடம் வரை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். 2025 தொடக்கத்தில் ஆணைகள் வந்தன. 153 நீக்கம். திருமண வயது 18. அதற்கு முன் பெண்ணுக்கு 15 ஆக இருந்தது.

அவசரப்பட்டு யாரும் கைதட்ட வேண்டாம். அதே காலத்தில் பல்லாயிரக்கணக்கானோரின் குடியுரிமையை ரத்து செய்தார்கள். அதில் பெரும்பாலோர் குவைத் ஆண்களை மணந்து குடியுரிமை பெற்ற பெண்கள். இருபது முப்பது வருடம் குவைத் பிரஜையாக வாழ்ந்தவர்கள், சொந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு வந்தவர்கள். அதுவும் ஆணைதான். கேட்பதற்குச் சபை இல்லை. குவைத் பெண் வெளிநாட்டவரை மணந்தால் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்ற 1959 விதியோ அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் பிரஜைகளின் கதை. அந்த வீட்டுச் சமையலறையில் நிற்கும் நம் ஊர்ப் பெண்களுக்கும் சிலோன் பெண்களுக்கும் 2015-இல்தான் வீட்டுப் பணியாளர் சட்டம் வந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. காகிதத்தில்.

தேரிக்காட்டான்

என் முதல் கேள்விக்குப் பதில் இன்னும் சிக்கலாகிவிட்டது. ஓட்டுரிமை இருந்த 19 வருடத்தில் சபையால் ஆகாதது சபை இல்லாத ஒரு வருடத்தில் ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தால் நாளை ஒரு பெண் உயிர் தப்பினால், அது ஆணையா மசோதாவா என்று அவள் கேட்கவா போகிறாள்?

கடற்கரைத்தெரு

அவள் கேட்கமாட்டாள். குடியுரிமை போனவள் கேட்பாள், எங்கே போய் முறையிடுவது என்று. 1999-இல் அந்தத் தாராளவாதிகள் பயந்தது இதற்குத்தானே. நல்ல ஆணை, கெட்ட ஆணை இரண்டும் ஒரே பேனாவில் வருகின்றன. நான் அன்று அந்தச் சபையில் இருந்திருந்தால் ஆணைக்கு எதிராகவும், மசோதாவுக்கு ஆதரவாகவும்தான் போட்டிருப்பேன். இரண்டு ஓட்டில் தோற்றாலும் பரவாயில்லை.

கல்முனைக்காரி

நான் போட்டிருக்கமாட்டேன் ராத்தா. இரண்டுக்கும் ஆதரவாகப் போட்டிருப்பேன். “இந்த வழி சரியில்லை, அடுத்த முறை பார்ப்போம்” என்று ஒன்பது வருடம் ஒரு குழு கதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். கிடைப்பதைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு வழியைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம்.

கணக்குப்பிள்ளை

சபை திரும்பி வந்தால் நான் முதலில் பார்க்கப்போவது ஆளுக்கு ஒரு ஓட்டா நாலு ஓட்டா என்பதைத்தான். ஒன்று என்றால் மறுபடி 2020 மாதிரிதான்.

ஹவல்லி ராஜா

அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள் அண்ணே. 2024 ஏப்ரலில் நடந்த கடைசித் தேர்தலும் ஒரு ஓட்டு முறைதான். அதில் ஜெயித்த ஒரே பெண் ஜனான் பூஷஹ்ரி. 2006 ஏப்ரலில் சல்வா நகராட்சி இடைத்தேர்தல் நடந்ததே, குவைத் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது, அதில் நின்று தோற்றவரும் இவர்தான். நடுவில் அமைச்சராக இருந்தார், 2019-இல் சபையில் குடைந்து எடுத்ததில் ராஜினாமா செய்தார், 2022-இல் உறுப்பினராகத் திரும்பி வந்தார், அந்தத் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது, 2023-இல் மறுபடி ஜெயித்தார். 2024-இல் ஜெயித்த சபை ஒரு கூட்டம்கூட நடத்தாமல் கலைந்தது.